டேரன் ட்ராஸ்டோவ்: என் கோபம் டி'லோ பிரவுன் மேல் இல்லை

தொண்ணூறுகளின் கடைசியில் கேபிள் டிவியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப் மல்யுத்தம் பார்த்தவர்களிடம் ராக், ஆஸ்டின், அண்டர்டேக்கர் என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ட்ராஸ் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு, பிரின்ஸ் ஆல்பர்ட்டோடு சேர்ந்து வருவாரே, அவர்தான். முழுப்பெயர் டேரன் ட்ராஸ்டோவ். அவர் அங்கே ரிங்கில் மோதியதே ஒன்றரை வருடத்துக்கும் குறைவு. அவரைப் பற்றி இன்று எழுதக் காரணம், அவர் பெயர் வரும்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில், ரிங்கில் அவரோடு மோதிய ஒரு சக வீரரிடம், போய் நிற்பதுதான்: "டி'லோ பிரவுன் தூக்கிப் போட்டதில் கழுத்து போய்விட்டது." அதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

ட்ராஸ்டோவ் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்காக அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர். நம் ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதிக்கொள்வார்களே, அது. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்பவர். எதிரே இருக்கும் மலை மாதிரி ஆளை ஒவ்வொரு முறையும் இடித்துத் தள்ளுவதுதான் அந்த இடத்தின் வேலை. கல்லூரி முடிந்ததும் என்.எஃப்.எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக்கில் டென்வர் பிராங்கோஸ், நியூயார்க் ஜெட்ஸ், பிலடெல்பியா ஈகிள்ஸ் என்று போனார். எங்கும் நிலைக்கவில்லை. டென்வரில் இருந்தபோது, நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில் பந்தின் மேலேயே வாந்தி எடுத்தார். ஃபுட்பாலில் அவருக்குக் கிடைத்த பெரிய பெயர் அதுதான்.

1998இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப் அவரை எடுத்தபோது முதலில் விற்கப் பார்த்ததும் அதையே. அடுத்த வருடம் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மஹன் தன் அலுவலகத்தில் அவரை வாந்தி எடுத்துக் காட்டச் சொல்லிக் குஷியாகக் கத்துகிற காட்சி இருக்கிறது. பலர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னால் முடியவில்லை. வேலை கேட்டு வந்த இளைஞன், முதலாளி முன்னால் நின்று, சொன்னதைச் செய்கிறான். எனக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

அப்புறம் லீஜன் ஆஃப் டூம் என்ற மல்யுத்த ஜோடியின் கதை. அந்த ஜோடியில் ஒருவரான ஹாக்குக்கு நிஜ வாழ்க்கையிலேயே போதைப் பிரச்சினை இருந்தது. அதையே டிவி கதையாக்கி, அவர் இடத்தைப் பிடிக்க வரும் இளையவனாக ட்ராஸை நிறுத்தினார்கள். 1998 நவம்பரில், அரங்கில் இருந்த பெரிய திரையின் உச்சியிலிருந்து ஹாக் விழுவதாகவும், ட்ராஸ் தள்ளிவிட்டதாகவும் காட்டினார்கள். ஒரு மனிதனின் நோயை இப்படிக் காசாக்கியதற்கு இன்றுவரை எந்த நியாயமும் எனக்குப் புலப்படவில்லை.

1999 அக்டோபர் 5. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் நஸாவ் கொலிசியம். ஸ்மாக்டவுன் டிவி நிகழ்ச்சியின் படப்பதிவு. டி'லோ பிரவுன் ட்ராஸைத் தூக்கி, ஓடிவந்து முதுகு படும்படி கீழே போடும் பவர்பாம். இதில் தூக்குகிறவருக்கு எவ்வளவு வேலை உண்டோ அதே அளவு தூக்கப்படுகிறவருக்கும் உண்டு. அவரும் எம்பிக் கொடுக்க வேண்டும், தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசிவைத்ததுதான். ஆனால் விழுவது நிஜம். "எல்லாம் நடிப்புதானே" என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு ஆட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ட்ராஸ் அன்று தொளதொளவென்ற சட்டை போட்டிருந்ததால் பிரவுனுக்குப் பிடி சரியாகக் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். ட்ராஸ் தலைகுப்புற விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலிழந்தது. அவருக்கு வயது முப்பது. அந்த ஆட்டம் ஒளிபரப்பாகவே இல்லை.

அதற்கு நான்கரை மாதம் முன்னால்தான் கான்சஸ் சிட்டியில் ஓவன் ஹார்ட் மேலிருந்து இறக்கப்படும்போது கீழே விழுந்து இறந்திருந்தார். ஒரே நிறுவனம், ஒரே வருடம்.

ட்ராஸ் பிரவுனைக் குறை சொன்னதில்லை. அது விபத்து என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். பிரவுன்தான் அந்தக் குற்றவுணர்விலிருந்து வெளியே வர முடியாமல் தவித்தார். மெல்ல மெல்ல ட்ராஸுக்குக் கைகளிலும் மேல்பகுதியிலும் கொஞ்சம் அசைவு திரும்பியது. நிறுவனத்தின் இணையதளத்துக்கு எழுதினார். டாங்கி போலப் பட்டைச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று கிடைத்தது, அதில் வெளியே சுற்றினார். 2023 ஜூன் 30 அன்று, 54 வயதில் இறந்தார்.

நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. அதை மறைத்து எழுதினால் நான் நேர்மையற்றவன். ஆனால் என் கேள்வி வேறு. கைவிட்டிருந்தால்? சட்டப்படி அவர் நிறுவனத்தின் ஊழியரே இல்லை. அங்கே மல்யுத்த வீரர்கள் எல்லோரும் சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். எங்கே போக வேண்டும், யாரோடு மோத வேண்டும், என்ன பெயர், என்ன உடை, யார் தோற்க வேண்டும் எல்லாவற்றையும் நிறுவனம் முடிவு செய்யும். விழுந்தால் மட்டும் அவர் தனி ஆள். ட்ராஸுக்குக் கிடைத்தது முதலாளியின் நல்ல மனசு. உரிமையாகக் கிடைத்திருக்க வேண்டியது அது.

இது ஃபுட்பாலிலிருந்து மல்யுத்தத்துக்கு வந்ததால் மட்டும் நேர்ந்த கதையும் அல்ல. அவர் கல்லூரியில் ஆடிய காலத்திலும் நிலைமை இதேதான். கென்ட் வால்ட்ரெப் என்று ஒருவர். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக வீரர். 1974இல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்து முறிந்து முடங்கிப்போனார். தொழிலாளர் இழப்பீடு கேட்டுப் போராடினார். 1993இல் டெக்சாஸ் இழப்பீட்டு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. காப்பீட்டு நிறுவனம் நீதிமன்றம் போனது. அவர் ஊழியர் இல்லை, மாணவர்தான் என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்துவைத்தது. கல்லூரி மைதானத்தில் மாணவன், மல்யுத்த ரிங்கில் ஒப்பந்தக்காரன். நடுவில் இருக்கும் என்.எஃப்.எல்லில் மட்டும் 1956 முதல் வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது, உட்கார்ந்து பேரம் பேசிய ஒப்பந்தம் இருக்கிறது. ட்ராஸின் உடம்பு இந்த மூன்று இடத்திலும் உழைத்தது. உடைந்தது, சங்கம் இல்லாத இடத்தில்.

மல்யுத்தத்தில் யாரும் முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 1986இல், நிறுவனத்தின் பெரிய வருடாந்தர நிகழ்ச்சியான ரெசில்மேனியா இரண்டாவது முறை நடப்பதற்கு முன்னால், ஜெஸ்ஸி வென்சுரா சக வீரர்களிடம் சங்கம் வேண்டும் என்று பேசினார். செய்தி மக்மஹன் காதுக்குப் போய்விட்டது. சொன்னது ஹல்க் ஹோகன் என்பது பின்னால் வழக்கு விசாரணையில் வெளியே வந்தது. நான் ஒரு காலத்தில் ஹோகன் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தவன். இதைப் படித்த நாளிலிருந்து அந்த மனிதரைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இப்போது 2021 முதல் டபிள்யூ.டபிள்யூ.இ (பழைய டபிள்யூ.டபிள்யூ.எஃப்தான், பெயர் மாறிவிட்டது) நேரடியாகக் கல்லூரி விளையாட்டு வீரர்களையே தேடிப் போய் ஒப்பந்தம் போடுகிறது. திட்டத்தின் பெயர் 'நெக்ஸ்ட் இன் லைன்'. அதில் ஃபுட்பால் ஆடுகிற பையன்களும் உண்டு. பயிற்சி முன்பைவிட எவ்வளவோ மேல். ஆர்லாண்டோவில் இருக்கும் பயிற்சி மையத்தில் பல வருடங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் மேட் ப்ளூம், அதாவது ட்ராஸோடு ரிங்குக்கு வந்த அதே பிரின்ஸ் ஆல்பர்ட். அவரும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடியவர். ரிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை நிறுவனமே ஏற்கிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பயிற்சி முடிந்து முக்கிய வீரர்கள் பட்டியலுக்குப் போகும் வீரர் இன்றும் ஊழியர் இல்லை. சங்கமும் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிற பையனும் அவன் பெற்றோரும் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், முப்பது வயதில் கழுத்து முறிந்தால் அடுத்த இருபத்து நான்கு வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். தராவிட்டால் கையெழுத்துப் போடக் கூடாது.