ரோலிங் தண்டரையும் சேர்த்திருக்கலாம்

அமெரிக்க பைக் கிளப்கள் முன்னாள் ராணுவ வீரர்களுக்குச் செய்யும் மரியாதை பற்றிய கட்டுரை அருமை. ஆனால் 'ரோலிங் தண்டர்' பற்றி ஒரு வரிகூட இல்லையே! வியட்நாம் போருக்குப் போய்வந்தவர்கள் 1988இல் தொடங்கிய பைக் ஊர்வலம் அது. போரில் இறந்த வீரர்களுக்கான மே மாத நினைவு நாளையொட்டி, ராணுவத் தலைமையகமான பென்டகனின் வாகன நிறுத்தத்தில் கூடி வாஷிங்டனுக்குள் போவார்கள். போர்க் கைதிகளும் காணாமல் போனவர்களும் என்ன ஆனார்கள் என்று அரசைக் கேட்பதுதான் நோக்கம். மேடையேற்றிப் பதக்கம் கொடுத்து அனுப்புவதைவிட, திரும்பி வராத தோழனுக்காக வருடா வருடம் தெருவில் இறங்குவதே எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது. செலவு கட்டுப்படியாகாமல் 2019உடன் அவர்கள் தலைநகர் ஊர்வலத்தை நிறுத்தினார்கள். அப்புறம் ஆம்வெட்ஸ் என்ற முன்னாள் வீரர்கள் சங்கம் அதை 'ரோலிங் டு ரிமெம்பர்' என்ற பெயரில் எடுத்து நடத்துகிறது. அதைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.