ஏக்கர் சதுரமாகப் பிறக்கவில்லை

"ஏக்கர் என்றாலே 208-க்கு 208 அடி சதுரம், வரி போட உண்டாக்கிய சொல்" என்று சொல்வது தவறு. பழைய ஆங்கிலத்தில் 'அக்கெர்' என்றால் வயல், அவ்வளவுதான். லத்தீன் 'அகெர்', ஜெர்மன் 'அக்கர்' இரண்டும் அதற்கு உறவு. ஏர்மாடுகள் ஒரு நாளில் உழும் நிலம் என்ற அளவுப் பொருள் பிறகு சேர்ந்தது.

வடிவமும் சதுரமல்ல, நீண்ட பட்டை: 660 அடி நீளம், 66 அடி அகலம். எட்டு மாடு வரை பூட்டிய கனத்த கலப்பையை வயல் முனையில் திருப்புவது பெரும்பாடு. அதனால்தான் சால், அதாவது கலப்பை கீறும் பள்ளம், நீளமாக ஓடியது. அந்த 660 அடி நீளத்தைக் குறிக்கும் ஃபர்லாங் என்ற சொல்லுக்கே 'சால் நீளம்' என்றுதான் பொருள்.

660-ஐ 66-ஆல் பெருக்கிப் பாருங்கள், 43,560 சதுர அடி. நம் பத்திரத்தில் வரும் சென்ட் இதில் நூறில் ஒரு பங்கு, 435.6. சதுரமாகவே அளக்க வேண்டுமென்றால் பக்கம் 208.71 அடி, 208 என்று போட்டால் 296 சதுர அடி குறைந்துவிடும்.