டெரி வோகன் அந்நியர் ஆகிவிட்டாரா?

அயர்லாந்தில் பிறந்து பிபிசியில் பேர்பெற்ற வானொலி, தொலைக்காட்சித் தொகுப்பாளர் டெரி வோகன், அயர்லாந்தைச் சுற்றிக் காட்டிய தொலைக்காட்சித் தொடரைப் பற்றிய பேச்சு இது. 'பிரிட்டிஷ்காரராகவே மாறிப்போனவர் சொந்த நாட்டைச் சுற்றுலாப் பயணிபோலக் காட்டினார், அதனால்தான் அயர்லாந்தில் அந்தத் தொடர் எடுபடவில்லை' என்று ஒரு கட்டுரை ஒரே போடாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஏனென்றால் பிபிசி அதை 2011 ஜனவரியில் ஒளிபரப்பியது முதலில் பிரிட்டன் பார்வையாளர்களுக்காக, அவர்களில் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன அயர்லாந்துக் குடும்பங்களும் அவர்களுடைய பிள்ளைகளும் ஏராளம். வந்த நேரம்தான் மோசம். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் 8,500 கோடி யூரோ மீட்புக் கடனுக்கு அயர்லாந்து அரசு கையேந்தியிருந்தது, இளைஞர்கள் மறுபடி வேலை தேடி விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள், அந்த நிலையில் வசதியாக வாழும் ஒருவர் வந்து ஊர் சுற்றிக் காட்டினால் யாருக்கும் கடுப்பாகத்தான் இருக்கும். அப்புறம், அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் வோகனை 'சர் பட்டத்துக்காக நாட்டை விற்றவர்' என்று எழுதியிருக்கிறார். பிரிட்டன் தந்த அந்தப் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ள 2005இல் வோகன் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியது உண்மை, ஆனால் அயர்லாந்துக் குடியுரிமையை விடவில்லையே? 1974இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டு வெடித்து 21 பேர் செத்தபோது அயர்லாந்து உச்சரிப்போடு கடைக்குப் போகவே அங்கே பலர் பயந்தார்கள், அந்த வருடங்களில் காலை வானொலியில் அதே உச்சரிப்போடு தினமும் கிண்டலடித்துப் பேசிக்கொண்டிருந்தவர் இவர். பிறந்த ஊரான லிமரிக்கில் 2017இல் ஷானன் ஆற்றங்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள், கையில் மைக்கோடு உட்கார்ந்திருப்பார். அப்போது கிளம்பிய புகாரும் முகம் அவரைப்போல இல்லை என்பதுதான், அவருக்கு எதற்குச் சிலை என்பதல்ல.