பழைய கேம் எல்லாம் இலவசமா?

"20 வருடம் தாண்டிய கம்ப்யூட்டர் கேம்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது, கீழே உள்ள லிங்கில் எல்லாமே இலவசம்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. அப்படியொரு 20 வருடக் கணக்கு சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் நிறுவனப் படைப்புக்குப் பொதுவாக வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு. 1993இல் வந்த 'டூம்' கேமுக்கு உரிமை 2088 முடியும்வரை இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணமும் அதே டூம்தான் என்று நினைக்கிறேன். 1997இல் அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் அதன் மூல நிரலை (source code) வெளியிட்டது உண்மை. ஆனால் நிரல் மட்டும்தான். படம், ஒலி, வரைபடம் எல்லாம் அடங்கிய 'வாட்' கோப்பு அதில் சேராது. முதல் அத்தியாயம் மட்டும் ஷேர்வேராக, அதாவது பகிர்ந்து விளையாடிப் பார்க்கும் மாதிரியாக, இலவசம். மீதிக்குக் காசு.

சரி, நிஜமாகவே இலவசமானவை இல்லையா? உண்டு. 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' என்ற பழைய கேமை உரிமையாளர்களே 2003இல் இலவசமாக்கினார்கள். கேம் விற்கும் ஜிஓஜி (GOG) தளத்தில் தேடினால் எது இலவசம், எது விலைக்கு என்று அந்தந்த கேமின் பக்கத்திலேயே தெரியும். அங்கே வாங்கும் பழைய டாஸ் (DOS என்ற அந்தக்கால இயங்குதளம்) கேம்கள் பெரும்பாலும், டாஸைப் போலவே செயல்படும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளோடு சேர்ந்தே வருவதால் இன்றைய கணினியிலும் ஓடும். வாட்ஸ்அப் செய்தியின் லிங்கில் வரும் ஜிப் கோப்புக்குள் என்ன இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.