பிரீமியத்துக்கு ஒரு தராசு, கிளெய்முக்கு ஒரு தராசு

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் மாதம் வந்தாலே வயிற்றைக் கலக்கும். இந்த முறை எனக்கு வயிறு கலங்கவில்லை, எரிகிறது.

பாடியைத் தனியாக இறக்கி, சேசிஸில் துருவேறிய இடங்களையெல்லாம் வெட்டி எடுத்து, புது இரும்பு வைத்து வெல்டிங் செய்திருக்கிறேன். இன்ஜினைப் பிரித்துப் புது பிஸ்டன், புது பேரிங் போட்டாயிற்று. டிரம் பிரேக் இருந்த முன்சக்கரங்களில் இப்போது டிஸ்க் பிரேக். எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து போனில் பேசியவருக்கு இதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. "எந்த வருஷ மாடல் சார்?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

சரி, மாற்றங்களைச் சொன்னேன். சஸ்பென்ஷன் 2 அங்குலம் தூக்கியிருக்கிறதா? பிரீமியம் ஏறும். பெரிய டயரா? ஏறும். சேற்றில் சிக்கினால் வண்டியை இழுக்கும் வின்ச், இரும்பு பம்பர்? அதற்கும் ஏறும். இதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வண்டியைத் தூக்கினால் புவியீர்ப்பு மையம் மேலே போகும், வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். 30 அங்குல டயர் இருந்த இடத்தில் 33 அங்குலம் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் ஓடும். ஆபத்து கூடினால் கூடுதல் காசு கேளுங்கள், தருகிறேன். ஆனால் பிரேக்கை நல்லதாக மாற்றியதற்கு ஒரு பைசா குறைக்க மாட்டீர்களாம். இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்க்கலும் 'மாற்றம்' கணக்கில்தான் சேர்கிறது. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால் அதற்கு கிளெய்ம் கிடையாது என்று பாலிசியில் போட்டுவிட்டு, தண்ணீர் போகாமலிருக்க வைத்த குழாய்க்கும் கூடுதல் பிரீமியமா? என்ன கணக்கய்யா இது?

இதைவிடக் கொடுமை வண்டியின் மதிப்பு. பிரீமியம் போடும்போது வின்ச் முதல் பம்பர் வரை எண்ணியவர்கள், மதிப்பு போடும்போது மாடல் வருடத்தை மட்டும் பார்த்துத் தேய்மானத்தைக் கழித்து, எடைக்குப் போடும் இரும்பின் விலைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அப்புறம் முன்பக்கம் லேசாக அடிபட்டாலே போதும். பழுதுச் செலவு அந்த மதிப்பைத் தாண்டிவிடும், 'டோட்டல் லாஸ்', அதாவது பழுதுபார்த்துப் பயனில்லாத முழு இழப்பு என்று எழுதிவிடுவார்கள். சொந்த வண்டியை நாமே ஸ்கிராப் விலை கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும்.

முன்கூட்டியே பேசி முடிவு செய்த மதிப்புக்கு பாலிசி தரும் முறை ஒன்றும் இருக்கிறது. கேட்டேன். தனியாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்து அறிக்கை வாங்கிவரச் சொன்னார்கள், என் செலவில். வாங்கிக் கொடுத்தேன். 'கூடுதல் பாகங்கள் இந்த மதிப்பில் அடங்காது' என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அப்படியானால் நான் எதற்குப் பிரீமியம் கட்டுகிறேன்?

நடுவில் ஒரு ஏஜென்ட் குரலைத் தாழ்த்தி, "மாத்தினதையெல்லாம் சொல்லாம விட்டுடுங்க சார், சுலபமா முடிஞ்சிடும்" என்றார். முடியும், கமிஷன் அவர் கைக்கு வரும்வரை. விபத்து என்று ஒன்று நடந்து சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தால், மறைத்த மாற்றத்தைக் காட்டியே கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கு இந்த ஏஜென்ட் போன் எடுப்பாரா?

இப்போது புதிதாக ஒரு மின்னஞ்சல். மாற்றங்கள் செய்வதற்கு முன், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் வண்டியை எடுத்த போட்டோ வேண்டுமாம். இந்த வண்டிக்கு நான் மூன்றாவது ஓனர் என்பது அவர்களிடம் இருக்கும் பதிவுச் சான்றிதழ் நகலிலேயே இருக்கிறது.