மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தார்

"எனக்கும் இதே பிரச்சினைதான் ப்ரோ. எப்போ சரியாகும்?"

எந்தப் பிரச்சினை? ஒன்பது நாள் மல்லுக்கட்டி, காரணத்தைக் கண்டுபிடித்து, விளக்கமும் எழுதி, நேற்று ராத்திரிதான் அந்தப் புகாரை மூடினேன். இன்று காலை அதற்கு அடியில் ஒரு மகராசன் இதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மேலே இருப்பதை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தலைப்பு பொருந்திவிட்டது, அது போதும். அந்தத் தலைப்பு எதற்குத்தான் பொருந்தாது? "வேலை செய்யவில்லை!!! அவசரம்!!!"

பழைய ஆர்கேட் கேம்களைக் கணினியில் ஓட்டும் மேம் எமுலேட்டருக்கு முன்னால் படமும் பட்டியலுமாக நிற்கிற ஒரு ஃப்ரண்ட் எண்டை நான் பராமரிக்கிறேன். சம்பளம் கிடையாது. சாபம் உண்டு.

அந்த ஒன்பது நாளைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் நாள். புகார்ப் படிவத்தில் ஏழு கேள்வி வைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பு, எந்த கேம், எதை அழுத்தினீர்கள், என்ன ஆனது என்று எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். ஆசாமி ஏழையும் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு (அந்த நேரத்தில் நான்கிற்குப் பதில் சொல்லியிருக்கலாம்) "எந்த கேமும் ஓடல, நேத்து வரைக்கும் ஓடுச்சு" என்று எழுதியிருந்தார். மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்துவிட்டார். எந்தத் தாத்தா? எந்தக் குட்டை? அதெல்லாம் நம் பாடு.

மறுநாள் கேட்டேன், எந்த கேம்? "எல்லாமே." எதையெல்லாம் போட்டுப் பார்த்தீர்கள்? "பேக்-மேன்." அப்புறம்? "அவ்ளோதான்."

எல்லாமே என்றால் ஒன்று. சரி, குறித்துக்கொண்டேன்.

எந்தப் பதிப்பு? "லேட்டஸ்ட்." இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இடது கண் துடிக்கிறது. எதில் லேட்டஸ்ட்? ஃப்ரண்ட் எண்டுக்கு ஒரு பதிப்பு, எமுலேட்டருக்கு ஒரு பதிப்பு, ரோம் (கேம் மெஷினின் சிப்பிலிருந்து நகலெடுத்த ஃபைல்கள்) தொகுப்பு எந்த எமுலேட்டர் பதிப்புக்காகக் கட்டப்பட்டது என்பது மூன்றாவது. மேம் அநேகமாக மாதம் ஒரு முறை புதுப் பதிப்பு வெளியிடுகிறது. சிப்பிலிருந்து இன்னும் நல்ல நகல் எடுத்தார்கள் என்றால் ரோம் பட்டியலும் மாறும். 2003-ல் வந்த 0.78 பதிப்பை அடிப்படையாக வைத்த கோர் (எமுலேட்டரின் உள் எஞ்சின்) ஒன்றை இன்றைக்கும் பலர் ஓட்டுகிறார்கள், தப்பில்லை, பழைய கணினிக்கு அது இதமாக இருக்கும். ஆனால் அதில் இந்த மாதத்து ரோமைப் போட்டுவிட்டு "லேட்டஸ்ட்" என்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

நான்காம் நாள் பதில் இல்லை. நான் நிம்மதியாக இருந்த ஒரே நாள்.

ஐந்தாம் நாள், ஓடும்போது நடந்ததையெல்லாம் எழுதி வைக்கும் லாக் ஃபைலை அனுப்புங்கள் என்று கெஞ்சினேன். வந்தது. லாக் இல்லை, போட்டோ. மானிட்டரை போனால் எடுத்த போட்டோ. மானிட்டரில் என்ன தெரிந்தது? ஒன்றும் இல்லை. கருப்புத் திரை. அதில் போனைப் பிடித்தபடி நிற்கும் அவருடைய நிழல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கீழே ஒரு குறிப்பு: "பாத்தீங்களா?" பார்த்தேன் சாமி. அமாவாசையைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறீர்கள்.

ஏழாம் நாள், எதையாவது மாற்றினீர்களா என்றேன். "சத்தியமா எதையும் தொடல."

ஒன்பதாம் நாள், கமாண்ட் விண்டோவைத் திறப்பது எப்படி என்பதில் ஆரம்பித்து எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்து, ரோமைச் சரிபார்க்கும் கட்டளையை அவர் கையாலேயே அடிக்க வைத்தேன். எமுலேட்டர் ஒரு நொடிகூட எடுக்கவில்லை. இந்தச் சிப் இல்லை, அந்தச் சிப் இல்லை என்று பெயர் பெயராகப் பட்டியல் போட்டுவிட்டது. அப்போதுதான் ஐயா வாயைத் திறக்கிறார்: "ஆமா, இடம் அடைக்குதுன்னு டூப்ளிகேட் ஜிப் ஒண்ணை டெலிட் பண்ணேன். ஆனா அது பக்மேன்னு வேற கேம்."

வேற கேமா! 1980-ல் நாம்கோ ஜப்பானில் இதை பக் மேன் என்ற பெயரில்தான் விட்டது. அமெரிக்காவுக்குப் போனபோது பேக்-மேன் ஆனது. மேம் கணக்கில் பக் மேன் தாய், பேக்-மேன் பிள்ளை. ஸ்ப்ளிட் தொகுப்பில் பிள்ளையின் ஜிப்பில் தாயிடமிருந்து வேறுபடும் ஃபைல்கள் மட்டும் இருக்கும். நிறமும் ஒலியலையும் வைத்திருக்கும் குட்டிச் சிப்புகள் தாயின் ஜிப்பில் கிடக்கும். அந்தக் குட்டிச் சிப்புகள் எல்லாம் சேர்ந்தே ஒரு கிலோபைட் தேறாது. தாய் ஜிப் மொத்தமும் 30 கிலோபைட் வராது. இடம் அடைக்கிறதாம்! அவர் அனுப்பிய அமாவாசைப் படம் 4 மெகாபைட்.

எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. போன வருடம் ஒருவர் பதிப்பு எண், சரிபார்த்த ரோம், கூடவே தான் அழுத்திய ஒவ்வொரு பொத்தானையும் பதிவு செய்யும் ரெக்கார்ட் ஃபைல் என்று எல்லாம் வைத்து அனுப்பினார். ஓட்டிப் பார்த்தேன், மூன்றாவது நிமிடத்தில் அவருக்கு கேம் விழுந்த அதே இடத்தில் எனக்கும் விழுந்தது. அந்தப் புகாரை இன்னும் அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். இன்னொரு பக்கம், பேக்-மேனில் 256-வது கட்டத்தில் பாதித் திரை குப்பையாகிறது, உடனே சரி செய்யவும் என்று கேட்டவரும் உண்டு. அசல் மெஷினிலேயே அப்படித்தான் ஆகும் ஐயா. கட்ட எண்ணுக்கு ஒரே ஒரு பைட்தான் வைத்தார்கள், அது 255-க்கு மேல் தாங்காது. ஊனத்தையும் சேர்த்துக் காட்டுவதுதான் எமுலேட்டரின் வேலை. அங்கே வரைக்கும் விளையாடிப் போன உங்கள் திறமைக்கு ஒரு கும்பிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாம் நாள் ராத்திரி புகாரை மூடிய பிறகு ஒரு கேள்வி குடைந்தது. எமுலேட்டர் இவ்வளவு தெளிவாகச் சொல்கிறதே, முதல் நாளே அது ஏன் அந்த மனிதர் கண்ணில் படவில்லை? அவருக்குத் தெரிந்ததெல்லாம் கருப்புத் திரை ஒரு மின்னல், பிறகு மறுபடியும் பட்டியல். நடுவில் எமுலேட்டர் பேசியதை எவனோ விழுங்கியிருக்கிறான். யார் அந்தப் பாவி என்று ஃப்ரண்ட் எண்டின் சோர்ஸ் கோடைத் திறந்தேன். எமுலேட்டரின் வெளியீட்டை முழுசாகக் குப்பையில் தள்ளும் ஒரு வரி. அதற்கு மேல் ஒரு குறிப்பு: "பயனரைக் குழப்ப வேண்டாம்." எழுதியவன் நான். மூன்று வருடத்துக்கு முன்னால்.

ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அந்த வரியைத் தூக்கிவிட்டேன். இனி எமுலேட்டர் பிழையோடு திரும்பினால் அது கடைசியாகச் சொன்ன வரிகள் அப்படியே திரையில் நிற்கும். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டு பதிப்பு எண், ரோம் பெயர், எந்தக் கட்டளையால் ஓட்டினோம், எல்லாம் நகலாகிவிடும். ஏழு கேள்வியையும் நானே அழித்துவிட்டேன், அவர்களுக்கு எதற்கு அந்தச் சிரமம்.

"எனக்கும் இதே" மகராசனுக்கு மட்டும் இன்னும் பதில் போடவில்லை. எந்த கேம் என்று கேட்க வேண்டும். பயமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் என் ஜாய்ஸ்டிக் வேறு இடது பக்கமாகவே இழுக்கிறது. வாங்கி முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. காலையில் கடுப்பில் விற்றவர்களுக்கு "ஜாய்ஸ்டிக் வேலை செய்யவில்லை, உடனே கவனிக்கவும்" என்று எழுதினேன். எந்த மாடல் என்று திருப்பிக் கேட்கிறார்கள். விற்ற அவர்களுக்குத் தெரியாதா? கீழே ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்க இப்போது இந்த வயரையெல்லாம் யார் கழற்றுவது?

"லேட்டஸ்ட்" என்று பதில் போட்டிருக்கிறேன்.