கோலாவும் ஓஆர்எஸ்ஸும் ஒண்ணு இல்லங்க
பர்மாவுக்கு வாலண்டியரா வர்ற ஜோடிங்களுக்கு வயித்துப்போக்கு வந்தா ஓஆர்எஸ் (தண்ணில கரைச்சு குடிக்கற உப்பு-குளுக்கோஸ் தூள்) தேட வேணாம், கோலாவே போதும்னு மேல ஒருத்தர் போட்டிருக்காங்க. மன்னிக்கணும், அது சரியில்ல. கோலால லிட்டருக்கு 100 கிராம் போல சர்க்கரை, உப்பு தேறவே தேறாது, அவ்வளவு சர்க்கரை குடலுக்குள்ள தண்ணிய இழுத்து போக்க இன்னும் அதிகமாக்கிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓஆர்எஸ்ல லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், ரெண்டும் சேர்ந்தாதான் குடல் தண்ணிய உள்ள வாங்கும். கோலா பாட்டில் லேபிளையும் 1 லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டோட பின்பக்கத்தையும் பக்கத்துல வச்சு நீங்களே பாருங்க, சோடியம் குளோரைடுன்னு இருக்கறதுதான் உப்பு. பர்மாவுல பெகுங்கற ஊர்ல நானும் வீட்டுக்காரரும் ஒரே ராத்திரி வயித்துப்போக்குல படுத்துட்டோம், எழுந்து கலக்கக்கூட தெம்பில்ல, பக்கத்து வீட்டு அக்காதான் கொதிச்சு ஆறின தண்ணில பாக்கெட்ட கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா குடுத்தாங்க.